தோலும் ஒரு வாய்தான்

மருந்தக்காவிடம் ஒரு டப்பா களிம்பு வாங்குவதைவிட, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம் என்று எங்கள் வரிசைப் பெண்கள் சொல்லிக்கொள்வோம். அத்தனை கேள்விகள். எங்கே தடவப் போகிறீர்கள், தடவியபின் துணி சுற்றுவீர்களா, வெயிலில் நிற்பீர்களா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, அந்தக் கையால் அதைத் தூக்குவீர்களா, சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறீர்களா, உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பதில் வந்தபிறகுதான் டப்பா மேசைக்கு இந்தப் பக்கம் வரும். வந்தாலும் உடனே எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. அவர் சொன்னதையெல்லாம் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற என்னை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்த ஒரே ஆள் அவர்தான்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு கடை தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரின் கிளினிக் இருந்தது. மெர்டேக்காவை, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரத்தை, ஒட்டிய வருஷங்கள் அவை. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பதைப் பின்னறையில் கலந்து கொடுப்பது மருந்தக்காவின் வேலை. வெள்ளைப் பீங்கான் பலகையின்மேல் மெழுகையும் மருந்தையும் வைத்து, மழுங்கிய நீளக் கத்தியால் இழுத்து இழுத்துக் குழைப்பார். ஒரு பொட்டுக் கட்டிகூட விரலில் படாமல் ஆகும்வரைக்கும் விடமாட்டார். அவருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே. ஆனாலும் பல் போன கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்கிறவர்களுக்கு வயது தானாகக் கூடிவிடும் போலிருக்கிறது.

அவருடைய இடது முன்கையில் எப்போதும் மைப்பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நாலோ ஐந்தோ. புதிதாகக் கலந்த எதையும் முதலில் அந்தக் கட்டத்தில் பூசிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்ப்பார். சிவக்கிறதா, அரிக்கிறதா, மேலேயே நிற்கிறதா, காணாமல் போகிறதா. அந்தக் கட்டங்களோடேயே பசாருக்குப் போவார், கோயிலுக்கும் போவார். அர்ச்சகர் விபூதி கொடுக்கக் கை நீட்டும்போது இவர் வலதுகையைத்தான் நீட்டுவார். நீட்ட வேண்டியதும் அதுதான் என்பதால் யாரும் குறை சொல்ல முடியவில்லை.

"தோலும் ஒரு வாய்தாங்க. சத்தம் போடாமத் தின்னும்" என்பார். இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்களுக்கு வாயில் போடுவது மருந்து, மேலே தடவுவது சும்மா. உள்ளே போனால்தானே பயம்? தலைவலித் தைலத்தை நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு தூங்குகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் போய் இப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு கல்யாணத்தில் அவர் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வரும். பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெண் தோள்வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூணு மாதப் பிள்ளை அவள் தோளில் கன்னம் வைத்துத் தூங்குகிறது. மருந்தக்கா எச்சில் கையோடு எழுந்து வந்து இடதுகையால் அந்தப் பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டார். "உங்க தோளு வலிக்குது, சரி. அதோட கன்னத்துக்கு என்ன வலி?" என்றார். பெண்ணின் மாமியார் கோபித்துக்கொண்டு பாயசம் சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

எங்களுக்குப் பின்னால் கம்போங் குடியிருப்பில் இருந்த செட்டி வீட்டு அம்மா ஒருத்தி, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட வம்சம், தமிழ் வராது, மலாய்தான் பேசுவாள், ஒருநாள் மருந்தறை மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, படர்தாமரை என்னுடையது, தோல் என்னுடையது, உனக்கென்ன இத்தனை விசாரணை என்று கேட்டுவிட்டாள். மருந்தக்கா அசரவில்லை. மலாயிலேயே, மருந்து என்னுடையது என்றார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் எரிச்சல்தான். படித்த திமிர் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி மனிதர்களுக்கு மட்டுமில்லை, டப்பாக்களுக்கும் உண்டு. மருந்தறைச் சன்னலில், மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடத்தில், வரிசையாகக் களிம்பு டப்பாக்களை வைத்திருப்பார். ஒவ்வொன்றின் மேலும் செய்த நாள் எழுதிய சீட்டு. பத்து நாள், இருபது நாள் வெயிலில் காய்ந்தபிறகு திறந்து முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் தனியாக, மெழுகு தனியாகப் பிரிந்திருந்தால் அந்த மாதிரி கலந்த அத்தனையும் குப்பைக்குப் போகும். "டாக்டர் பாத்து எழுதுற புஸ்தகம் குளிர் நாட்டுல எழுதினது. அங்க நிக்கிற களிம்பு இங்க நிக்காது" என்று மெழுகைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். கப்பலில் வருகிற மருந்துப் பிளாஸ்டர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் அவற்றையும் அவரே தடித்த துணியில் தடவிச் செய்வார்.

ஒருமுறை புதுக் களிம்பு ஒன்று முதல் நாள் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் நாள் அவர் கையிலேயே கொப்புளம் போட்டுவிட்டது. ஏற்கனவே நாலு பேர் வாங்கிப் போயிருந்தார்கள். வேலையைப் போட்டுவிட்டு நாலு வீட்டுக்கும் நடந்தே போய்த் திருப்பி வாங்கி வந்தார். ஒரு வீடு ஊருக்கு வெளியே, புக்கிட் பாருவில். அன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. மருந்து கொடுக்க ஆள் இல்லை. டாக்டர் நல்லவர், ஆனால் கூட்டத்துக்கு முன்னால் தலைகுனிவதை விரும்பாதவர். இன்னொரு தரம் இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

என் கணவர் பஸ் ஓட்டுநர். மெர்டேக்கா அன்று பாடாங் மைதானத்தில் நடக்கிற கொண்டாட்டத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பஸ்ஸை அவர் ஓட்டுவதாக ஏற்பாடு. கொடியும் தோரணமும் கட்டிய பஸ். மனிதருக்குப் பத்து நாளாகத் தரையில் கால் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு நாள்தான் இருந்தது. டாக்டர் பெல்லடோனா பிளாஸ்டர் எழுதிக் கொடுத்தார். ஒரு செடியின் சத்து அது. அளவாக இறங்கினால் வலி மரக்கும், மிஞ்சினால் ஆளையே நிலைகுலைய வைக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

வாங்கப் போனது நான்.

"முதுகுல வேர்க்குரு, புண்ணு இருக்கா?"

"இல்லேக்கா."

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும். இது மேல சூடு படக் கூடாது. வாய் வறண்டாலும் கண்ணு கூசினாலும் ஒடனே உரிச்சுப் போட்டுட்டு சோப்புத் தண்ணில கழுவுங்க. கழுவிட்டு இங்க வாங்க. எங்க, சொல்லுங்க."

அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருந்தேன். "சூடு படக் கூடாது, வாய் வறண்டா உரிக்கணும், போதுமாக்கா?" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். போதும் என்று கொடுத்தார்.

மறுநாளும் என் கணவரால் குனிய முடியவில்லை. என் மாமியார் பிளாஸ்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "மருந்து மேலயே நிக்குது. ஒத்தடம் குடுத்தாத்தானே உள்ள இறங்கும்? மூணு நாள்ல பஸ் எடுக்கணும்னு பய பறக்குறான். நீ என்னடான்னா பாத்துக்கிட்டு நிக்குற" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தேன். காலை, மதியம், சாயங்காலம். அடுத்த நாள் விடிந்தவுடனே ஒன்று. சூடு என்று அக்கா சொன்னபோது எனக்கு வெயிலும் அடுப்பும் பஸ் எஞ்சினும்தான் கண்ணில் வந்தன. ஒத்தடத்தை நான் சூட்டோடு சேர்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அது வைத்தியம்.

அன்று காலை பத்து மணிக்கு என் கணவர் தண்ணீர் கேட்டார். சொம்பு சொம்பாகக் குடித்தும் நாக்கு ஒட்டுகிறது என்றார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது, உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கொஞ்ச நேரத்தில் பாயில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங் திருப்ப ஆரம்பித்தார். "தெங்கேரா, தெங்கேரா! எறங்கு, எறங்கு! கூட்டமா நிக்காதே!" என்று பஸ் நிறுத்தத்தின் பெயர் சொல்லிக் கத்தினார். என்னைப் பார்த்து டிக்கெட் எங்கே என்று கேட்டார். மாமியார் வேப்பிலை ஒடிக்க ஓடினார். பக்கத்து வீட்டில் போமோவை, மலாய் மந்திரவாதியை, கூட்டி வரலாம் என்றார்கள். வாய் வறண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நானே வாயால் ஒப்பித்த பாடம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு கடையையும் செருப்பில்லாமல் ஓடிக் கடந்தேன்.

டாக்டர் வெளியே போயிருந்தார். மருந்தக்கா என் முகத்தைப் பார்த்தவுடனே கத்தியைக் கீழே வைத்தார். அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரின் கண்ணைப் பார்த்தார். கருவிழி முழுக்கக் கறுப்பாக விரிந்து கிடந்தது. சட்டையைத் தூக்கினார். பாயெல்லாம் உப்பு. பிளாஸ்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஆறவில்லை. உரித்தெடுத்து, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, டாக்சி பிடித்து, உரித்த பிளாஸ்டரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தார். வழி முழுக்க என் கணவர் அவரைச் சீட்டில் நேராக உட்காரச் சொல்லி அதட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மதியம் புத்தி தெளிந்துவிட்டது. ஆனால் பஸ் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வார்டுக்கு வெளியே நான், மாமியார், மருந்தக்கா. டாக்டர் வந்தார்.

"சூடு காட்டக் கூடாதெண்டு அவ உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்று என்னைக் கேட்டார்.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னார் என்றால், சொல்லியும் ஒத்தடம் கொடுத்தாயா என் மகனுக்கு என்கிற கேள்வி வரும். அதைக் கொடுக்கச் சொன்னது மாமியார்தான் என்பது அதற்குள் யார் ஞாபகத்திலும் இருக்காது, அவர் ஞாபகத்தில் நிச்சயமாக இருக்காது. ஆயுள் முழுக்க அந்தக் கேள்வியோடு அந்த வீட்டில் நான் சோறு தின்ன வேண்டும்.

"இல்லே டாக்டர். சொல்லலே."

மருந்தக்கா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் வார்டு பக்கம் பார்த்து, "இப்ப வாயில எச்சில் ஊறுதாமா?" என்று கேட்டார். ஊறுகிறது என்றேன். சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அக்டோபர் முதல் தேதியிலிருந்து அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு வாரத்துக்குமேல் எனக்குத் தாங்கவில்லை. தெங்கேராவில் ஒரு வீட்டின் பின்கட்டில் அவர் குடியிருந்த அறையை விசாரித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவருக்கு வெளிச்சம் கூசியது. கைக்கொன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டர்த் துண்டுகள். இடதுகைத் துண்டின்மேல் ஓர் உப்பு முடிச்சு. பக்கத்தில் கடிகாரமும் ஒரு நோட்டும்.

"உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா?"

"சின்னத் துண்டுதான். ஒக்காருங்க. உப்பை எவ்வளவு நேரம் வறுத்தீங்க? ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம் வெச்சீங்க?"

நான் மன்னிப்புக் கேட்க வந்தவள். அவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்குச் சொன்னது உங்களுக்கு விளங்கலியா, இல்லே விளங்கியும் செஞ்சீங்களா? எது சொன்னாலும் பரவாயில்லே. விளங்கலேன்னா அடுத்த ஆளுக்கு நிறுத்திச் சொல்லணும். விளங்கியும் செஞ்சீங்கன்னா சொல்றதையே மாத்தணும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா விளங்குச்சுக்கா. ஒத்தடத்தை சூடுன்னு நான் நெனைக்கவே இல்லே. மருந்து இறங்கணும்னுதான் குடுத்தேன்."

அவர் பென்சிலை மறுபடி எடுத்தார். "உங்க மாமியார் சொன்னது சரிதான். சூடு காட்டுனா மருந்து இறங்கும். ரெண்டு நாள்ல இறங்க வேண்டியது ஒரு நாள்ல இறங்கிருச்சு. இதை நான் யோசிச்சிருக்கணும். தமிழாளுங்களுக்கு மருந்து குடுத்துட்டு ஒத்தடத்தைச் சொல்லாம விட்டிருக்கேன் பாருங்க" என்று அதையும் எழுதினார்.

"டாக்டர்கிட்ட நான் போய்ச் சொல்லிடுறேன்கா. நீங்க சொன்னீங்கன்னு சொல்லிடுறேன்."

பெரிய மனசு பண்ணி வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது எனக்கு. அவர் சொல்லவில்லை. "சொல்லுங்க. எனக்கு இந்த வேலை வேணும். பொம்பளைய மருந்தறைல வெக்கிற டாக்டர் இங்க வேற யாரும் இல்லே" என்றார். முதல்முறையாக அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

மூன்று முறை கிளினிக் வாசல்வரைக்கும் போனேன். ஒருநாள் மாமியாரின் கோயில் சிநேகிதி பெஞ்சில் இருந்தார். ஒருநாள் டாக்டர் சிடுசிடுவென்று இருந்தார். ஒருநாள் ஒரு காரணமும் இல்லை, திரும்பிவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று முதல் தேதி கடந்தது, தீபாவளியும் கடந்தது. அவர் சிரம்பானுக்குப் போய்விட்டார் என்றார்கள், சிங்கப்பூர் என்றார்கள். நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தைரியம்தான் இல்லை. என் கணவர் தேறி மறுபடி பஸ் ஓட்டப் போனார். மாமியார் எல்லாரிடமும் அந்த மருந்துக்காரியின் கவனக்குறைவைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பிள்ளைக்குச் சிரங்கு என்று கிளினிக்குக்குப் போயிருந்தேன். மருந்தறையில் புதிதாக ஓர் ஆள். ஒரு கேள்வியும் கேட்காமல் மளமளவென்று கொடுத்துக்கொண்டிருந்தார். மேசைக்குமேல் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்து. 'பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். ஒத்தடமும் சூடுதான்.' எனக்கு முன்னால் நின்ற பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏன், குடுத்தா என்னவாம்? எங்க வீட்ல எல்லாத்துக்கும் குடுப்போமே" என்றாள். கையில் பிளாஸ்டர் சுற்றிய காகிதம்.

"தெரியாதும்மா. முன்ன இருந்தவங்க தபால்ல அனுப்புனாங்களாம். டாக்டர் ஒட்டச் சொன்னாரு, ஒட்டியிருக்கு" என்றார் புது ஆள்.

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள்.

"குடுக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "என் வீட்டுக்காரருக்கு நான் குடுத்தேன். பைத்தியம் மாதிரி ஆயிட்டாரு. செத்திருப்பாரு. சூடு படக் கூடாதுன்னு அந்தக்கா என்கிட்ட சொல்லியிருந்தாங்க. என்னையும் திருப்பிச் சொல்ல வெச்சாங்க. அப்புறமும் நான் குடுத்தேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டே வெளியே வந்து நின்றார்.

"அண்டைக்குச் சொல்லேல்லை எண்டுதானே நீங்கள் சொன்னீங்கள்?"

"ஆமா டாக்டர். பொய் சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலாம். மேசைக்கு வந்து சுவரிலிருந்த அந்தச் சீட்டை ஒருமுறை படித்தார். பிறகு, "அவ இப்ப எங்கை இருக்கிறா எண்டு தெரியுமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியாது என்றேன். அந்தச் சீட்டு வந்த உறையில் விலாசம் இருந்திருக்குமே என்றேன்.

உறையில் விலாசம் எழுதியிருக்கவில்லை என்று தலையாட்டினார்.